வட்டம் ஒன்றில், வேலை இன்னொன்றில்: ஒரு சினாரியோ எடிட்டரின் தேர்வுப் பிழையோடு சில ஆண்டுகள்

வியூக விளையாட்டுகளில் சண்டை போடுவதைவிட, அவற்றோடு வரும் சினாரியோ எடிட்டரில், அதாவது ஆட்டக்களத்தையும் கதையையும் நாமே அமைக்கும் கருவியில், மேப் கட்டுவதுதான் எனக்கு அதிகம் பிடிக்கும். இப்போது நான் பயன்படுத்தும் எடிட்டர் பல ஆண்டுகளாகக் கையிலிருப்பது. நிலத்தை உயர்த்துவது, ஆறு வரைவது, காடு நிரப்புவது, ட்ரிகர் (இது நடந்தால் அது நடக்க வேண்டும் என்ற விதி) எழுதுவது எல்லாமே இதில் நன்றாக அமையும். ட்ரிகர் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், நான் தொட்டுப்பார்த்த எடிட்டர்களில் இதுதான் மேலானது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் யூனிட்டை, அதாவது மேப்பில் வைக்கும் வீரன், வீடு, மரம் போன்றவற்றை, தேர்வு செய்வதில் ஒரு பிழை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. தயாரிப்பாளர்கள் வெளியிட்ட இரண்டு மூன்று பேட்ச்களில் (திருத்தங்களில்) அது பாதி சரியாகி, இன்னும் முழுதாகப் போகாமல் நிற்கிறது. இந்த அனுபவத்தை விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. விளையாட்டின் பெயர் இங்கே வேண்டாம். யூனிட்களை இதே முறையில் கையாளும் எந்த எடிட்டரிலும் இந்தப் பிழை வரலாம் என்பதால், பெயரைவிட அது நடக்கும் விதம்தான் மேப் கட்டுபவர்களுக்குப் பயன்படும்.

அந்த பேட்ச்கள் வருவதற்கு முன் பார்வைக்கு அது எப்படி இருக்கும் என்று முதலில் சொல்கிறேன். ஒரு படையைக் காப்பி செய்து காட்டோரத்தில் பேஸ்ட் செய்கிறீர்கள். பேஸ்ட் செய்ததும் அந்தப் படை முழுவதும் தேர்வாகவே இருக்கும். ஒவ்வொரு வீரனின் காலடியிலும் பச்சை வட்டம் தெரியும். வழியை நாலைந்து மரங்கள் அடைத்துக்கொண்டு நிற்பதால் அழிப்பான் கருவியை எடுத்து அவற்றை நீக்குகிறீர்கள். படை இன்னும் தேர்வில்தான் இருக்கிறது, வட்டங்கள் அப்படியே இருக்கின்றன. சரி, கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று இழுத்தால், படையில் பெரும்பகுதி நகர்கிறது, சிலர் மட்டும் அங்கேயே நிற்கிறார்கள். நிற்பவர்களின் காலடியிலும் வட்டம் இருக்கிறது. மவுஸ் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மீண்டும் தேர்வு செய்து நகர்த்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

இது லேசான வகை. நீக்கிய மரங்களுக்குப் பதிலாக வேறு இடத்தில் புது மரங்களை நட்டுவிட்டு, பிறகு படையை இழுத்தால் அந்தப் புது மரங்களும் படையோடு சேர்ந்து நகரும். பின்தங்கி நிற்கும் வீரர்கள் எத்தனை பேரோ அத்தனை மரங்கள். மரங்களின் காலடியில் வட்டம் இருக்காது. திரையின் ஓரத்தில் அந்த மரங்கள் இருந்தால் அவை நகர்ந்ததே நம் கண்ணில் படாது. இதே நிலையில் டெலீட் அழுத்தினால் மரங்கள் போய்விடும், வட்டம் போட்ட வீரர்கள் மிச்சமிருப்பார்கள். உரிமையை இரண்டாம் ஆட்டக்காரருக்கு மாற்றினால் மரங்கள் அவருக்குச் சொந்தமாகும், வீரர்கள் நம்மிடமே இருப்பார்கள்.

இதையெல்லாம்விட மோசமானது ட்ரிகரில் நடப்பது. அதற்குக் கொஞ்சம் பின்னணி தேவை.

விளையாடும்போது தவறான யூனிட் தேர்வானால் அது ஒரு நொடிச் சங்கடம்தான். வில்லாளியைக் கூப்பிட்டால் குதிரைவீரன் போகிறான், நாம் திருப்பி அழைத்துக்கொள்கிறோம். 1992-இல் வந்த டியூன் 2 விளையாட்டில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு யூனிட்டைத்தான் தேர்வு செய்ய முடியும். 1994-இல் முதல் வார்கிராஃப்ட் 4 யூனிட் வரை அனுமதித்தது. 1998-இல் ஸ்டார்கிராஃப்ட் 12. 1999-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அதை 40 ஆக்கியது. அந்த எண் ஏற ஏற, ‘தேர்வு’ என்பது ஒற்றை யூனிட்டைச் சுட்டும் குறியாக இருந்தது போய், நீளமான பட்டியலாக மாறியது. பட்டியல் என்று வந்துவிட்டால் அதைச் சரியாகப் பராமரிப்பதே தனி வேலை. அப்போதும் ஆட்டத்துக்குள் ஒரு பாதுகாப்பு உண்டு. தேர்வும் கட்டளையும் நம் கண்ணெதிரே நொடிக்கு நொடி நடக்கின்றன, தவறு உடனே தெரிந்துவிடும்.

எடிட்டரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 1997-இல் எடிட்டரோடு வந்தபோது அதில் ட்ரிகர் கிடையாது. வெற்றி நிபந்தனைகளை மட்டும் அமைக்கலாம். இரண்டாம் பாகத்தின் எடிட்டரில்தான் ‘இந்த நிபந்தனை நிறைவேறினால் இந்த விளைவு’ என்று கதையையே கட்டும் வசதி வந்தது. அதிலிருந்து எடிட்டரில் ஒரு யூனிட்டைத் தேர்வு செய்வதற்கு வேறொரு பொருள் வந்துவிட்டது. ட்ரிகரைத் திறந்து ‘இந்த யூனிட்களை ஒதுக்கு’ என்று அழுத்தும்போது, அந்த நொடியில் என்ன தேர்வாகியிருக்கிறதோ அது கோப்புக்குள் எழுதப்படுகிறது. அந்தத் தேர்வு தவறாக இருந்தால் தவறும் கோப்பிலேயே தங்கிவிடும். சேவ் செய்து, மூடி, மறுபடி திறந்தாலும் அது போகாது. நான் பயன்படுத்தும் எடிட்டரிலும் ட்ரிகர் வேலை செய்யும் முறை இதுதான்.

இப்போது மேலே சொன்ன படைக்கு வருவோம். பேஸ்ட் செய்த 20 வீரர்கள், நீக்கிய 5 மரங்கள், புதிதாக நட்ட 5 மரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பேரின் காலடியிலும் வட்டம் இருக்கிறது. ட்ரிகரைத் திறந்து, ‘இவர்கள் எல்லோரும் இறந்தால் வெற்றி’ என்ற நிபந்தனைக்கு இவர்களை ஒதுக்குகிறீர்கள். எடிட்டர் 20 யூனிட்களை ஏற்றுக்கொண்டதாகக் காட்டுகிறது. எண்ணிக்கை சரி, வட்டங்களும் சரி. ஆனால் கோப்பில் எழுதப்பட்டது 15 வீரர்களும் 5 மரங்களும்.

ஆடுபவர் எதிரிகள் அத்தனை பேரையும் கொன்றுவிடுவார். வெற்றி வராது. ட்ரிகர் அந்த 5 மரங்கள் சாகக் காத்திருக்கும்.

எனக்கு இது தெரியவந்ததே அப்படித்தான். ஒரு முற்றுகை மேப்பை என்னோடு சேர்ந்து சோதித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவன், “அண்ணா, மேப்பில ஒருத்தன்கூட மிச்சமில்ல, ஆனா முடிய மாட்டேங்குது” என்றான். ட்ரிகரைத் திறந்து பார்த்தேன். நிபந்தனை சரி, ஆட்டக்காரர் எண் சரி, யூனிட் எண்ணிக்கை சரி. வேறொரு நாள் அவனே ஆடிக்கொண்டிருந்தபோது, முற்றுகைக் கருவிகள் செய்ய மரம் போதவில்லை என்று மேப்பின் ஒரு மூலையிலிருந்த தோப்பை வெட்டினான். கடைசி மரம் சாய்ந்ததும் வெற்றி அறிவிப்பு வந்தது. அவன் உடனே சொன்னான்: “அண்ணா, வெற்றி அந்தத் தோப்புக்குள்ளதான் இருக்கு.” அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் எல்லாம் பிடிபட்டது.

அதற்கு முன்பும் இந்தப் பிழையைப் பற்றிப் பலர் பேசியிருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரில் பேசினார்கள். ‘யூனிட் தானாக நகர்கிறது’ என்றார் ஒருவர். ‘அன்டூ செய்தால் தேர்வு கெடுகிறது’ என்றார் இன்னொருவர். ‘ட்ரிகர் சில நேரம் வேலை செய்வதில்லை’ என்பது மிகப் பரவலான புகார். இவை மூன்றும் ஒரே பிழையின் மூன்று முகங்கள் என்பது யாருக்கும் தெரியாததால், தயாரிப்பாளர்களிடம் போன புகார்களும் தனித்தனியாகப் போயின. ‘மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியவில்லை’ என்ற பதிலோடு அவை மூடப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. சோதிப்பவர் வெறும் மேப்பில் நாலு யூனிட் வைத்து, ஒன்றை அழித்து, அன்டூ செய்து பார்த்திருப்பார். எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும்.

ஏன் ஒழுங்காக நடந்திருக்கும் என்பதில்தான் விடையும் இருக்கிறது. எடிட்டர்களில் மேப்பில் வைத்த ஒவ்வொன்றும் ஒரு நீண்ட பட்டியலில் இருக்கும். வீரன், வீடு, மரம், தங்கப்பாறை எல்லாம் ஒரே பட்டியல்தான். நடுவிலிருந்து ஒன்றை நீக்கினால் அங்கே ஓட்டை விழும். அதை அடைக்க இரண்டு வழிகள் பரவலாக உண்டு. பின்னாலிருப்பவை எல்லாவற்றையும் ஒரு படி முன்னே நகர்த்துவது ஒன்று. கடைசியில் இருப்பதை எடுத்து ஓட்டையில் வைத்துவிடுவது மற்றொன்று. பல்லாயிரம் மரங்கள் உள்ள மேப்பில் முதல் வழி மெதுவானது, இரண்டாவது ஒரே நொடியில் முடிவது. அதனால் விளையாட்டு நிரல்களில் இரண்டாவது வழி மிகச் சாதாரணமாகப் பயன்படுகிறது. அதில் தவறேதும் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வேறெந்தப் பகுதியும் ‘பட்டியலில் எத்தனையாவது’ என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த எடிட்டரின் தேர்வு அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஐந்தே யூனிட்களை வைத்து இதைப் பார்த்துவிடலாம். ஈட்டிவீரன், வில்லாளி, குதிரைவீரன், கவண், குடியானவன் என்று இதே வரிசையில் வையுங்கள். பட்டியலில் அவர்கள் 1 முதல் 5 வரை. குதிரைவீரனையும் குடியானவனையும் தேர்வு செய்யுங்கள். தேர்வின் நினைவில் 3, 5 என்ற எண்கள் பதிகின்றன. இப்போது அழிப்பானால் வில்லாளியை நீக்குங்கள். 2-ஆம் இடம் காலியாகிறது, கடைசியில் இருந்த குடியானவன் அங்கே போகிறான். 5-ஆம் இடத்தில் யாரும் இல்லை. தேர்வின் நினைவில் இன்னும் 3, 5 தான். இழுத்தால் குதிரைவீரன் மட்டும் நகர்வான். அடுத்து ஒரு துறவியைப் புதிதாக வையுங்கள், அவர் 5-ஆம் இடத்துக்கு வருகிறார். இழுத்தால் குதிரைவீரனும் துறவியும் நகர்வார்கள். குடியானவன் வட்டத்தோடு அங்கேயே நிற்பான். பச்சை வட்டம் யூனிட்டின் உருவத்தோடேயே ஒட்டி வரையப்படுவதால் அது சரியான ஆளிடமே இருக்கிறது. வேலை மட்டும் எண்ணைப் பார்த்துப் போகிறது.

இந்தச் சோதனையை நான் விரும்புவதற்குக் காரணம், அது பிழை எப்போது வராது என்பதையும் காட்டிவிடுகிறது. அழிக்கப்படுவது கடைசியாக வைத்த யூனிட்டாகவே இருந்தால் ஓட்டை நடுவில் விழாது, ஒன்றும் ஆகாது. தேர்வில் இருப்பவர்கள் எல்லோரும் பட்டியலின் முன்பகுதியில் வைக்கப்பட்டவர்கள் என்றால் அவர்கள் இடம் மாறுவதே இல்லை, அப்போதும் ஒன்றும் ஆகாது. கடைசியாக வைத்தவர்கள் தேர்வில் இருக்கும்போது, அவர்களுக்கு முன்னால் வைத்த வேறு ஒன்று அழிய வேண்டும். வெறும் மேப்பில் சும்மா சோதிப்பவருக்கு இந்தச் சேர்க்கை அமைவது அபூர்வம். பேஸ்ட் செய்த படை, அதைச் சுற்றி முன்பே நிரப்பிய காடு, காட்டில் அழிப்பான் என்ற வரிசையில் வேலை செய்யும் மேப் கட்டுபவருக்கோ இது அன்றாடம் அமையும்.

அன்டூவின் மேல் பலர் பழி போட்டதற்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. முன்பெல்லாம் அன்டூ செய்தால் நீக்கிய யூனிட் தன் பழைய இடத்துக்குத் திரும்பாது, பட்டியலின் கடைசியில் சேரும். துறவிக்குப் பதிலாக வில்லாளியே 5-ஆம் இடத்துக்கு வந்து நிற்பார். அதாவது அன்டூ செய்த வேலை, புதிதாக ஒன்றை வைத்தது போன்றதுதான். அன்டூவே தொடாமல், அழித்துவிட்டுப் புதிதாக வைத்தாலும் இதே விளைவு வரும் என்பதைக் காட்டிய பிறகுதான் பேச்சு சரியான திசைக்கு வந்தது.

ஐந்து யூனிட் மேப் கோப்பையும், எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துத் தயாரிப்பாளர்களுக்கு அனுப்பினோம். கதை சொல்லவில்லை, கோபப்படவில்லை. ‘இந்தக் கோப்பைத் திறக்கவும், இவற்றைத் தேர்வு செய்யவும், இதை அழிக்கவும், இதை வைக்கவும், இழுக்கவும், நகர வேண்டியது குடியானவன், நகர்வது துறவி’ என்ற அளவில் எழுதினோம். பிழைப் புகார் எழுதுபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: உங்கள் பெரிய மேப்பை அனுப்பாதீர்கள். அதில் ஆயிரம் மரங்களுக்கு நடுவே உங்கள் பிழையைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது. பிழை அப்படியே நிற்கும் அளவுக்குச் சுருக்கிய மிகச் சிறிய மேப்பை அனுப்புங்கள். சுருக்கச் சுருக்கக் காரணம் உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

அதன் பிறகு வந்த பேட்ச்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் வந்தது அன்டூவைச் சரிசெய்தது. நீக்கிய யூனிட் இப்போது தன் பழைய இடத்துக்கே திரும்புகிறது, அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவரும் கடைசிக்குத் திரும்புகிறார். அன்டூ வழியாக வந்த குழப்பம் அதோடு நின்றது. பேட்ச் குறிப்பில் ‘அன்டூவுக்குப் பின் தேர்வு மாறும் பிழை சரிசெய்யப்பட்டது’ என்று இருந்ததால் எல்லாமே தீர்ந்துவிட்டது என்று நிறையப் பேர் நினைத்துவிட்டார்கள். அழித்துப் புதிதாக வைக்கும் வழி அப்படியே திறந்திருந்தது.

அடுத்த பேட்ச் கொஞ்சம் துணிச்சலானது. அழிப்பான் கருவியை எடுத்தவுடன் தேர்வு முழுவதும் தானாகக் கலைந்துவிடும்படி செய்தார்கள். இதனால் பிழையின் பெரிய வாசல் அடைபட்டது. ஆனால் ஒரு வசதியும் போய்விட்டது. 60 பேர் கொண்ட படையைத் தேர்வு செய்து வைத்துக்கொண்டே சுற்றியுள்ள மரங்களைத் திருத்திவிட்டுப் படையைத் தள்ளிவைப்பது அதற்கு முன் இயல்பாக நடந்த வேலை. இப்போது ஒவ்வொரு முறையும் படையைப் புதிதாகத் தேர்வு செய்ய வேண்டும். அடர்ந்த காட்டுக்குள் நிற்கும் படையைப் பெட்டி இழுத்துத் தேர்வு செய்தால் மரங்களும் சேர்ந்துகொள்ளும் என்பதால் அது சின்ன வேலை இல்லை. அப்படியிருந்தும் இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். கோப்பில் தவறு எழுதப்படுவதைவிட என் கை கொஞ்சம் அதிகம் வேலை செய்வது மேல்.

ஆனால் நோய்க்கு மருந்து இன்னும் வரவில்லை. அழிப்பான் இல்லாமலும் மேப்பில் யூனிட்கள் அழியும் வழி ஒன்று இருக்கிறது. காட்டின் மேல் தண்ணீரைத் தீட்டினால் அந்த இடத்திலுள்ள மரங்களை எடிட்டரே நீக்கிவிடும். ஆற்றின் பாதையைத் திருத்தும்போது இது எப்போதும் நடப்பதுதான். அப்போது தேர்வு கலைவதில்லை. படை தேர்வில் இருக்க, ஆற்றைக் கொஞ்சம் அகலப்படுத்தி, கரையில் சில மரங்களை நட்டு, படையை இழுத்துப் பாருங்கள். கரையோர மரங்கள் சில கூடவே வரும். நான் இப்போது பயன்படுத்தும் பதிப்பிலும் இது இருக்கிறது.

உண்மையான தீர்வு எது என்பதும் புதிரல்ல. வீட்டு எண்ணை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு கடிதம் போட்டால், குடித்தனம் மாறிய பிறகு அது வேறொருவர் கையில் போய்ச் சேரும். எண்ணோடு சேர்த்து, அந்த இடத்தில் இது எத்தனையாவது குடித்தனம் என்ற தலைமுறை எண்ணையும் குறித்துவைக்க வேண்டும். போய்ப் பார்க்கும்போது தலைமுறை எண் மாறியிருந்தால், நாம் தேடுபவர் இங்கே இல்லை என்று தெரிந்துவிடும். விளையாட்டு நிரலாளர்களிடையே இது நன்கு அறியப்பட்ட முறைதான். இந்த எடிட்டரிலேயே ஒவ்வொரு யூனிட்டுக்கும் மாறாத ஐடி ஒன்று இருக்கிறது, ட்ரிகர்கள் கோப்பில் சேமிப்பதும் அந்த ஐடியைத்தான். தேர்வும் இட எண்ணை விட்டுவிட்டு அந்த ஐடியைப் பிடித்துக்கொண்டால், அழிப்பான், தண்ணீர், இனி வரப்போகும் வேறு கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அடியில் தீர்வு கிடைக்கும். ஒவ்வொரு வாசலாக அடைத்துக்கொண்டு போவது இந்த அளவு நல்ல கருவிக்குத் தகுந்த வேலையாக எனக்குப் படவில்லை.

தேர்வு பற்றி எழுதும்போது இந்த எடிட்டரின் மற்ற சில சங்கடங்களையும் தொட்டுவிடுகிறேன். மலைச்சரிவில் நிற்கும் யூனிட்டைக் கிளிக் செய்தால் சில நேரம் அதற்குப் பின்னால் நிற்பது தேர்வாகும். திரையில் யூனிட் உயரமான இடத்தில் வரையப்படுகிறது, கிளிக்கைச் சோதிக்கும் கணக்கு தட்டையான தரையை வைத்து நடக்கிறது என்பதுபோல்தான் அது நடந்துகொள்கிறது. சரிவு கூடக் கூட விலகலும் கூடும். யூனிட்டின் தலையைவிடக் காலடியில் கிளிக் செய்தால் பெரும்பாலும் சரியாகப் பிடிக்கும். விண்டோஸில் காட்சி அளவை 125 அல்லது 150 சதவீதத்தில் வைத்திருப்பவர்களுக்கு முன்பு மவுஸ் முனையும் கிளிக் விழும் இடமும் விலகியிருந்தன. அது முழுமையாகச் சரியாகிவிட்டது. ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் யூனிட்களில் அடியிலிருப்பதை எடுக்க நேரடி வழி இல்லை. இவற்றில் எதுவும் எனக்குப் பெரிய குறை இல்லை. காரணம் எளிது: தவறான யூனிட் தேர்வானால் வட்டமும் அந்தத் தவறான யூனிட்டின் காலடியிலேயே விழுகிறது. கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கண்ணுக்குச் சரி என்று காட்டிவிட்டுக் கோப்பில் வேறொன்றை எழுதும் பிழையை அப்படித் திருத்திக்கொள்ள முடியாது. எடிட்டர் மூடிவிழுவதுகூட இதைவிட மேல், கடைசி சேவிலிருந்து தொடரலாம்.

இதோடு வேலை செய்ய நான் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன். நிலத்தைத் தொடும் எந்தக் கருவியை எடுப்பதற்கு முன்பும் எஸ்கேப் அழுத்தித் தேர்வைக் கலைத்துவிடுவேன். ட்ரிகருக்கு யூனிட்களை ஒதுக்க வேண்டுமென்றால் முதலில் சேவ் செய்து மேப்பை மறுபடி திறப்பேன். திறக்கும்போது பட்டியல் புதிதாகக் கட்டப்படுகிறது, தேர்வும் வெறுமையாக இருக்கிறது, பழைய எண்கள் எதுவும் மிஞ்சியிருக்காது. ஒதுக்கி முடித்ததும் ட்ரிகர் பலகத்திலுள்ள ‘யூனிட்களைக் காட்டு’ பொத்தானை அழுத்திப் பார்ப்பேன். இது கோப்பில் எழுதப்பட்ட ஐடியை வைத்துக் கேமராவை ஒவ்வொரு யூனிட்டாக நகர்த்திக் காட்டும். தேர்வு வட்டத்தை நம்பாமல் இதை நம்பலாம். நிறைய யூனிட் உள்ள ட்ரிகரில் இது நேரம் பிடிக்கும்தான். வெற்றி, தோல்வி தொடர்பான ட்ரிகர்களுக்காவது இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

முடிந்த இடங்களில் யூனிட்டை நேரடியாக ஒதுக்காமல் பகுதியை வரைந்து ‘இந்தப் பகுதிக்குள் இருக்கும் எதிரி வீரர்கள்’ என்று எழுதுவதும் நல்லது. பகுதிக்குத் தேர்வே தேவையில்லை, அதனால் இந்தப் பிழை அதை நெருங்காது. ஆனால் எல்லா இடத்திலும் இது பொருந்தாது. கதையில் பெயருள்ள தளபதி ஒருவர் இறந்தால் மட்டும் திருப்பம் வர வேண்டும் என்றால் அவரைத்தான் ஒதுக்கியாக வேண்டும். அப்படிப்பட்ட தனி யூனிட்களை மேப் வேலையின் ஆரம்பத்திலேயே, காடு நிரப்புவதற்கு முன்பே வைத்துவிடுகிறேன். பட்டியலின் முன்பகுதியில் இருப்பவர்கள் இடம் மாறுவதில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தக் குணத்தை இப்படி நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். இது என் வேலை முறையையே மாற்றிவிட்டது. முன்பு நிலம், காடு, கட்டடம், கடைசியில் மனிதர்கள் என்று போவேன். இப்போது கதையின் முக்கியமான ஆட்கள் வெறும் புல்வெளியில் முதலில் வந்து நிற்கிறார்கள், அவர்களைச் சுற்றி உலகம் பிறகு எழும்புகிறது. அதன் பயன் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். யாருடைய கதை என்பது முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

இந்தப் பிழையை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம். மேப் கட்டுபவர்கள் காசுக்காகச் செய்வதில்லை. ஒரு நல்ல சினாரியோவுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள்; அதை முன்பின் தெரியாதவர்கள் இலவசமாக எடுத்து ஆடுகிறார்கள். வார்கிராஃப்ட் 3 விளையாட்டோடு 2002-இல் வந்த எடிட்டரில் ரசிகர்கள் கட்டிய ஒரு மேப்தான் டோட்டா. அதிலிருந்து ஒரு புது விளையாட்டு வகையே வளர்ந்தது. 2013-இல் டோட்டா 2 தனி விளையாட்டாக வெளிவந்தது. எடிட்டர் என்பது விளையாட்டோடு இலவசமாகத் தரும் கூடுதல் பொருள் என்று தயாரிப்பாளர்கள் நினைத்தால் அது பெரிய தப்பு. விளையாட்டின் ஆயுளை நீட்டுவது அதுதான். அதில் உழைப்பவரின் வேலையைத் திரைக்குப் பின்னால் கெடுக்கும் பிழைக்கு, விளையாட்டைக் கெடுக்கும் பிழைக்குக் கொடுக்கும் அதே முன்னுரிமை கிடைக்க வேண்டும். வெற்றி வராத மேப்பை ஆடிய ஒருவர் எடிட்டரைத் திட்டமாட்டார். ‘மேப் சரியில்லை’ என்று மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார். கெட்ட பெயர் கட்டியவருக்குத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த எடிட்டரை நான் விடப்போவதில்லை, புதிதாக மேப் கட்ட வருபவர்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். ட்ரிகரில் மாறிகளைக் கையாளும் விதமும், நிலத்தை மென்மையாகச் செதுக்கும் தூரிகைகளும் வேறெங்கும் எனக்கு இவ்வளவு நன்றாக வாய்த்ததில்லை. எஸ்கேப் அழுத்தும் பழக்கம் வந்துவிட்டால் புது மேப்களில் இந்தப் பிழை அநேகமாகத் தலைகாட்டாது.

பழைய மேப்களின் நிலை வேறு. அழிப்பான் தேர்வைக் கலைக்க ஆரம்பித்த பேட்சுக்கு முன் கட்டியவை உங்களிடம் இருந்தால், பேட்ச் அவற்றைச் சரிசெய்யாது. ட்ரிகரில் ஏற்கெனவே எழுதப்பட்ட ஐடி அப்படியேதான் இருக்கும். அவற்றைத் திறந்து, முதலில் வெற்றி நிபந்தனைகள், அடுத்து யூனிட்டை நீக்கும் விளைவுகள், கடைசியாகப் படையை நகர்த்தும் விளைவுகள் என்ற வரிசையில் ‘யூனிட்களைக் காட்டு’ அழுத்திப் பாருங்கள். கேமரா ஏதாவது ஒரு மரத்தின் முன்னால் போய் நின்றால், அந்த ஒதுக்கீட்டை முழுவதுமாக அழித்துவிட்டு, மேப்பை மறுபடி திறந்து புதிதாக ஒதுக்குங்கள். தவறான ஒன்றிரண்டை மட்டும் மாற்றப் பார்க்காதீர்கள், எண்ணிக்கை சரியாகவே தெரிவதால் எது விட்டுப்போனது என்று கண்டுபிடிப்பது கடினம்.